முதல் கார் வாங்குமுன்

தோட்டத்தில் கார் என்பது ஒரு காலத்தில் துரை வீட்டு வாசலில் நிற்கும் பொருள். பெரிய கிராணி ஒரு பழைய காரை வைத்திருந்தாலே அது அதிசயம். 1985ஆம் ஆண்டு ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994ஆம் ஆண்டு பெரோடுவா கன்சில் வந்தது. சின்ன வண்டி, சின்ன விலை. அதன் பிறகுதான் லயத்து வாசலிலும் கார் நிற்க ஆரம்பித்தது. இன்று பால்மரம் வெட்டுகிறவர் வீட்டிலும், செம்பனைக் குலை அறுக்கிறவர் வீட்டிலும் கார் வாங்கும் பேச்சு எழுகிறது. அதை ஆடம்பரம் என்று நாம் சொல்ல மாட்டோம். நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, மழையில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது எவ்வளவு கடினம் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.

ஆகவே கார் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல இன்றைய பேச்சு. எந்தக் கார், எத்தனை வருடத் தவணையில் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

குறைந்த விலைக் கார்கள் என்றால் நம் நாட்டில் முதலில் மூன்று பெயர்கள் நினைவுக்கு வரும்: பெரோடுவா ஆக்சியா, பெரோடுவா பெசா, புரோட்டோன் சாகா. ஆக்சியா 2014ல் வந்தது. இயந்திரத்தின் அளவு 998 சி.சி. 2023ல் அதன் 'இ' வகை, காப்புறுதி நீங்கலாக 22,000 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. அலங்காரத்தைக் குறைத்துச் செய்த வண்டி. கியரைக் கையால் மாற்ற வேண்டும். அதே ஆண்டில் வந்த புதிய உருவத்து ஆக்சியாவின் தொடக்க வகை, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி, 38,600 வெள்ளி. பெசா 2016ல் வந்தது. அதன் 1.0 கையியக்க வண்டி 2020ல் 34,580 வெள்ளி. சாகா 2019ல் 32,800 வெள்ளியில் தொடங்கியது. விலைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கவனிக்க வேண்டியது அவற்றுக்கிடையே உள்ள தூரம்.

ஆக்சியாவின் பின்பெட்டி சிறியது. பெசாவின் பெட்டி 508 லிட்டர் கொள்ளும். 2016ல் வந்த சாகாவின் பெட்டி 420 லிட்டர். மாதச் சாமான், ஒரு கேஸ் தோம்பு, தாத்தா பாட்டியின் பெட்டி படுக்கை எல்லாவற்றையும் ஏற்றித் தைப்பூசத்துக்குப் போகிற குடும்பத்துக்குப் பெசா வசதி. குண்டும் குழியுமான செம்மண் சாலையில் ஆட்டத்தைத் தாங்குவதில் சாகாவுக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அது எண்ணெயைக் கொஞ்சம் கூடக் குடிக்கும். விற்கப் போனால் பெரோடுவா வண்டிக்குத்தான் கேட்கிறவர் அதிகம்.

சாலை வரியிலும் வித்தியாசம் உண்டு. தீபகற்பத்தில் 1000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு ஆண்டு வரி 20 வெள்ளி. 1,332 சி.சி. உள்ள சாகாவுக்கு 70 வெள்ளி. பெரிய தொகையல்ல; என்றாலும் நம் வீட்டுக் கணக்கில் ஐம்பது வெள்ளியும் ஐம்பது வெள்ளிதான்.

இன்னொரு விஷயம், பலர் மறந்து போவது. வீட்டில் யார் யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது? இப்போது இளம் பிள்ளைகள் பலர் 'டி.ஏ.' லைசென்ஸ் எடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு தானியங்கி கார்தான் ஓட்டலாம். கையால் கியர் மாற்றும் வண்டியைத் தொடக்கூடாது. அப்பா மலிவாக 'இ' வகையை வாங்கி வைத்துவிட்டு விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டால், அவசரத்துக்கு மகள் அந்தக் காரை எடுக்க முடியாது. எந்த நேரத்தில் யார் ஓட்டப் போகிறார்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

இனிமேல்தான் முக்கியமான கணக்கு. கார் விற்பவர் "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றுதான் கேட்பார். எத்தனை மாதம் என்பதை மெல்லிய குரலில் சொல்வார். நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்து வந்த முறையில், வாங்கிய கடன் முழுவதற்கும் ஆண்டுதோறும் ஒரே வட்டியைப் போட்டு, மொத்தத்தை மாதங்களால் வகுப்பார்கள். வட்டி நூற்றுக்கு 3 என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போமா? பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

38,600 வெள்ளிக் கார். பத்தில் ஒரு பங்கு, அதாவது 3,860 வெள்ளி முன்பணம். மீதி 34,740 வெள்ளி கடன். ஒன்பது வருடத் தவணை என்றால் வட்டி ஏறத்தாழ 9,380 வெள்ளி. மாதம் சுமார் 409 வெள்ளி. முன்பணத்தையும் சேர்த்தால் அந்தக் கார் நமக்கு 48,000 வெள்ளி ஆகிறது.

இப்போது 22,000 வெள்ளிக் காரைப் பார்ப்போம். முன்பணம் 2,200. கடன் 19,800. இதை ஒன்பது வருடத்துக்கு இழுக்காமல் ஐந்து வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 2,970 வெள்ளி. மாதம் 380 வெள்ளிக்குள் அடங்குகிறது. மொத்தம் 25,000 வெள்ளிக்கும் சற்றுக் குறைவு.

கவனித்தீர்களா? மாதத் தவணையில் வித்தியாசம் முப்பது வெள்ளிதான். ஆனால் ஒரு குடும்பம் ஐந்தாம் ஆண்டில் கடன் தீர்ந்து நிற்கிறது. இன்னொரு குடும்பம் மேலும் நான்கு ஆண்டு கட்டிக்கொண்டிருக்கிறது. இன்று முதலாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மூன்றாம் படிவத்தை முடிக்கும்வரை நீளும் கடன் அது. அந்தப் பிள்ளையின் புத்தகத்துக்கும் பஸ் காசுக்கும் எங்கிருந்து எடுப்பது என்பதுதான் ஆசிரியர்களாகிய எங்கள் கவலை.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி, போகிறது. சொக்சோவும் போகும். கைக்கு வருவதில் 409 வெள்ளி என்றால் கால் பங்குக்கும் மேல். எண்ணெய்ச் செலவு தனி. மாதம் 800 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தால் 53 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கென்று வந்த 1 வெள்ளி 99 காசு விலையில் பார்த்தாலும் அது 106 வெள்ளி. காப்புறுதிக்கு முதல் ஆண்டில் கழிவு கிடையாது. விபத்துக்கு நட்டஈடு கேட்காமல் ஓட்டினால் இரண்டாம் ஆண்டில் 25 விழுக்காடு கழியும். ஐந்து ஆண்டு முடிந்தால் 55 விழுக்காடு. மோட்டார் சைக்கிளில் சேர்த்த கழிவைக் காருக்கு மாற்ற முடியாது. போனஸையும் ஓவர்டைமையும் நம்பித் தவணைக் கணக்குப் போடாதீர்கள். மழைக்காலத்தில் மரம் நம் கணக்கைக் கேட்பதில்லை.

பழைய கார் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். நல்ல பராமரிப்பில் இருந்த ஒரு வீவாவோ பழைய மைவியோ பல குடும்பங்களுக்குப் புதுக் காரைவிடப் பொருத்தம். கன்சில் மிக மலிவு. ஆனால் அதில் காற்றுப்பை கிடையாது, பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். விற்பவருக்குச் சொந்தமில்லாத, நமக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "வங்கிக் கடன் பாதி இருக்கிறது, மீதித் தவணையை நீங்கள் கட்டிக்கொண்டு ஓட்டுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். சம்போங் பாயார் என்பார்கள். நாம் எத்தனை வருடம் கட்டினாலும் கிராண்டில் நம் பெயர் இராது. பழைய ஆள் நம்மிடம் வாங்கிய பணத்தை வங்கியில் கட்டாமல் விட்டால், காரை இழுத்துப் போகும்போது நம்மிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. கொடுக்கிறவருக்கும் ஆபத்துதான். கடனும் சம்மனும் அவர் பெயரில்தான் வந்து சேரும்.

முறையாக வாங்கியவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 1967ஆம் ஆண்டுத் தவணைமுறைச் சட்டப்படி, ஒரு மாதம் தவறியவுடன் காரை எடுத்துவிட முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும். எழுத்தில் அறிவிப்பு அனுப்பி 21 நாள் அவகாசம் தர வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுகிற பழக்கம் நம்மிடையே உண்டு. மலாயில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வாருங்கள். மாலையில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம்.