நல்ல நடவுக்கு ஒரு சிறு பரிசு

நடவுக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட காலம் இது. பல ஊர்களில் நாள் கூலி போய், ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நடவை விடும் வழக்கம் வந்துவிட்டது. இதில் வேலை விரைவாக முடிகிறது. ஆனால் நேர்த்தி குறைகிறது. ஒரு வயலை முடித்தால்தான் அடுத்த வயலுக்குப் போகலாம் என்பதால் நாற்றைத் தள்ளித் தள்ளி ஊன்றிச் செல்கிறார்கள். நடுபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் பரப்புக்குத்தான் கூலி பேசினோம், நேர்த்திக்குப் பேசவில்லை.

இழப்பு எவ்வளவு?

குறுகிய கால நெல் ரகங்களை 15 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் 66 குத்துகள் இருக்கும். மத்திய கால ரகங்களை 20 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் 50 குத்துகள் இருக்கும். 50 குத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் 40 மட்டுமே இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு பயிர் குறைந்துவிட்டது என்று பொருள். உழவுக்கும் உரத்துக்கும் தண்ணீருக்கும் ஆன செலவோ ஒரு காசும் குறையாது. வயது நீண்ட ரகங்கள் கூடுதலாகத் தூர் கட்டி ஓரளவு ஈடு செய்யும். குறுவைப் பயிருக்கு அந்த அவகாசம் இல்லை. நாற்றை 3 செ.மீ.க்கு மேல் ஆழமாக ஊன்றினாலும் தூர் கட்டுவது தாமதமாகும்.

வரப்பில் நின்று சத்தம் போடுவதால் இந்தக் குறை தீர்ந்துவிடாது. நன்றாக நட்டதை அளந்து பார்த்து, நட்டவர்களைப் பாராட்டி, ஒரு சிறு பரிசு கொடுத்துப் பார்க்கலாம்.

முதலில் கூலி

பரிசு கூலிக்கு ஈடாகாது. பேசிய கூலியை அன்றே முழுவதுமாகக் கொடுத்துவிட வேண்டும். கூலியில் பத்து ரூபாயைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே பரிசாக நீட்டினால் யாரும் ஏமாறமாட்டார்கள். நடவு சரியில்லை என்றாலும் கூலியைக் குறைக்கக் கூடாது. பரிசு இல்லை, அவ்வளவுதான்.

எதற்குக் கொடுப்பது?

வேகத்துக்குப் பரிசு கொடுக்க வேண்டாம். அது இருக்கிற குறையை வளர்க்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு மூங்கில் குச்சிகளைச் சதுரமாகக் கட்டிக் கொள்ளுங்கள். நடவு தொடங்கும் முன்பே, எத்தனை குத்து வேண்டும், குத்துக்கு இரண்டு மூன்று நாற்று போதும், மேலாக நட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். நட்ட வயலில் ஐந்து இடங்களில் சட்டத்தை வைத்து, நடவுப் பெண்களில் ஒருவரையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை அவர்கள் வாயாலேயே வந்தால் வாக்குவாதம் வராது.

நடவு கூட்டு வேலை. ஆகவே பரிசும் குழுவில் உள்ள எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒருவரைத் தனியே பிரித்தால் பொறாமைதான் மிஞ்சும். பருத்தி எடுப்பது அப்படியல்ல. அவரவர் எடுத்தது தனித்தனியே தெரியும். எடைக்குத்தான் கூலி போகிறதே! எனவே சருகு ஒட்டாமல், கறைபட்டதைத் தனியே பிரித்துச் சுத்தமாக எடுத்தவருக்குப் பரிசு கொடுக்கலாம். காலைப் பனி ஈரம் இருக்கும்போது, பத்துப் பதினொரு மணிக்குள் எடுத்தால் சருகு ஒட்டாது.

பொருளா, பணமா?

ஜெர்மனியில் ஒரு நூலகத்தில் புத்தகங்களைப் பதிவு செய்யும் தற்காலிக வேலையில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2012இல் வெளியானது. சிலருக்குக் கூலிக்கு மேல் ஒரு பிளாஸ்க்கைப் பரிசாகக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே மதிப்புள்ள பணம் கொடுத்தார்கள். பணத்தைவிடப் பொருள் பெற்றவர்களின் வேலைதான் வெகுவாகக் கூடியது. ஆனால் எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் பணத்தையே கேட்டார்கள். அந்தப் பணத்தையே சிரத்தை எடுத்து அழகாக மடித்துக் கொடுத்தபோது, அதற்கும் நல்ல பலன் கிடைத்தது. கொடுப்பவர் தம்மைப் பற்றி நினைத்திருக்கிறார் என்பதைத்தான் வாங்குபவர் பார்க்கிறார்.

ஆகவே விலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் விளைந்த தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், அரைக் கிலோ வெல்லம், சிறு எவர்சில்வர் கிண்ணம் ஆகியவற்றில் ஒன்று போதும். ஏக்கருக்குப் பதினைந்து பேர் என்று வைத்து, ஆளுக்கு 40 ரூபாய் என்றால் 600 ரூபாய் ஆகும். இது அரை மூட்டை நெல்லின் விலைக்கும் குறைவு. பணமாகத்தான் கொடுக்க முடியும் என்றால் தனித்தனி உறையில் போட்டுக் கொடுங்கள்.

எப்படிக் கொடுப்பது?

* கரையேறியவுடன் வயலடியிலேயே கொடுங்கள். அறுவடை வரை தள்ளிப் போட்டால் எதற்குக் கொடுத்தது என்பது மறந்துவிடும்.
* எதற்காக என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். "ஐந்து இடத்திலும் ஐம்பது குத்துக்குக் குறையவில்லை" என்றால் போதும்.
* ஆள் கூட்டி வருபவரிடம் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.
* பழைய துணி, மிஞ்சிய சோறு இவற்றைப் பரிசு என்று நீட்டாதீர்கள். பண்ணையாள் காலத்து வழக்கம் அது. வேலையின் திறமைக்குத் தரும் மரியாதை பரிசு.
* மஞ்சள், குங்குமம் வைத்துக் கொடுக்கும்போது கணவரை இழந்த பெண்கள் ஒதுங்கி நிற்க நேரிடும். எல்லாரும் ஒன்றுபோல் வாங்கிக் கொள்ளும் பொருளாகப் பார்த்து வாங்குங்கள்.
* ஒவ்வொரு முறையும் கொடுத்தால் அது மாமூலாகிவிடும். நேர்த்தியான வேலை நடந்த நாளில் மட்டும் கொடுங்கள்.

சிறு விவசாயியால் கூலியில் பெரிய பண்ணைகளுடன் போட்டியிட முடியாது. நடவு நெருக்கடியில் எல்லாரும் ஒரே வாரத்தில் ஆள் தேடும்போது, தங்கள் வேலையை எண்ணிப் பார்த்து மதித்தவர் வயலுக்கு அந்தப் பெண்கள் முதலில் வரக்கூடும். அடுத்த நடவுக்கு நாற்றுப் பறிக்கும் முன்பே மூங்கில் சட்டத்தைக் கட்டி வைத்துக் கொள்ளுங்கள்.