இலையுதிர்ந்த மரங்களை அடையாளம் காணுதல்

மலையடிவார மரங்கள் – 9

வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. தை பிறந்ததும் தேனி மாவட்டத்து மலைச்சரிவுகள் நிறம் மாறத் தொடங்கும். கம்பம் பள்ளத்தாக்கின் தரைப்பகுதி முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தால் நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாகப் பச்சையாகவே இருக்க, அதை ஒட்டிய சுருளி, வருசநாடு, போடி, கும்பக்கரை அடிவாரங்களில் மாசி, பங்குனிக்குள் பல மரங்கள் மொட்டையாகிவிடும். குளிர்நாடுகளில் மரங்கள் இலை உதிர்ப்பது பனிக்காலத்தைத் தாங்க. இங்கே வறட்சியைத் தாங்க. இலைக்காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உருவாகி இலையைப் பிரித்துவிடுகிறது. இலை வழியே நீர் ஆவியாவது நின்று, மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு மரம் கோடையைக் கடக்கிறது.

தாவரவியல் கையேடுகள் பெரும்பாலும் இலையையும் பூவையும் வைத்தே மரத்தை அடையாளம் காட்டுகின்றன. இலை இல்லாதபோது பட்டை, கிளையமைப்பு, இலைத்தழும்பு, மரத்தில் தங்கிய காய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குழந்தைகளோடு பார்ப்பவர்கள் காயிலிருந்து தொடங்குவது நல்லது. கொன்றையில் முழ நீளக் கரிய உருளைக் காய்கள் தொங்கும். வாகையில் வைக்கோல் நிறத் தட்டைக் காய்கள் காற்றடித்தால் கலகலவென ஒலிக்கும். மரத்தைப் பார்க்கும் முன்பே காதில் விழுந்துவிடும். வேங்கையின் காய் வட்டமானது. நடுவில் விதை, சுற்றிலும் மெல்லிய இறகு. தணக்கின் காய்க்கு இரண்டு நீண்ட இறகுகள் உண்டு. உயரத்திலிருந்து விட்டால் சுழன்றபடி மெதுவாக இறங்கும். ஓர் இறகை ஒடித்துவிட்டு மீண்டும் விட்டுப் பார்த்தால், காற்றில் விதை பரவும் முறை குழந்தைகளுக்குத் தானாகப் புரியும்.

தேக்குக்கு வேறு வழி உண்டு. கைக்கெட்டும் இளங்கிளையை விரல்களுக்கிடையில் உருட்டினால் அது உருளாது. நான்கு பக்கமும் விளிம்பு தட்டும். மரத்தடியில் முறம் அகலத்துக்கு உதிர்ந்து கிடக்கும் சருகும், காயை மூடிய காகிதப் பை போன்ற உறையும் அதை உறுதிசெய்யும். ஒதிய மரத்தின் கிளை நுனிகள் தடித்து மழுங்கியிருக்கும். அவற்றில் இலை விழுந்த தழும்புகள் நெருக்கமாகத் தெரியும். ஒதி பெருத்தாலும் உத்தரம் ஆகாது என்பது வழக்கு. ஆனால் வெட்டி நட்ட போத்து எளிதில் வேர்விடும் என்பதால் வேலிக்கு ஏற்ற மரம் அது. மலைக்கிளுவையின் பட்டை மெல்லிய தாளாக உரியும், அடியில் பச்சை தெரியும். இலை இல்லாத மாதங்களிலும் அந்தப் பச்சைப் பட்டை ஒளிச்சேர்க்கை செய்கிறது.

இந்தப் பருவத்தில் அதிக நேரம் ஒதுக்கிப் பார்க்கத் தக்கவை இலவமும் முள்ளிலவும். இரண்டையும் ஒன்றாக எண்ணுபவர் பலர். போடிநாயக்கனூர் பஞ்சு வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே மெத்தைக்கும் தலையணைக்கும் போவது இலவம் பஞ்சு. கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத் தோட்டங்களில் இம்மரத்தை நிறையக் காணலாம். நெட்டையான தண்டிலிருந்து கிளைகள் அடுக்கடுக்காகப் படுக்கைவசமாகப் பிரியும்; இளமரத்தின் தண்டு பச்சை. பூ சிறியது, வெளிர்நிறம், இரவில் விரிந்து வௌவாலை அழைப்பது. முள்ளிலவின் அடிமரம் சாம்பல் நிறம். இளம் பட்டையில் கூம்பு முட்கள் நிறைந்திருக்கும். மாசியில் ஓர் இலைகூட இல்லாத கிளைகளில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்கள் பூக்கும். உதிர்ந்த பூவைக் கையில் எடுத்தால் அதன் கனம் தெரியும்: ஐந்து தடித்த இதழ்கள், கிண்ண வடிவப் புல்லி, கட்டுக்கட்டாக மகரந்தத் தாள்கள். மறைக்க இலை இல்லாததால் பூ வெகுதூரத்துக்குத் தெரிகிறது. விடிந்ததும் மைனா, கரிச்சான், கொண்டைக்குருவி, அணில் எல்லாம் தேனுக்காகக் கூடிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில், பறவை பார்க்கத் தொடங்கும் குழந்தைக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது. பாறைச் சரிவுகளில் மொட்டைக் கிளையில் பளிச்சென்ற மஞ்சள் பூக்கள் தெரிந்தால் அது கோங்கு.

மரத்தைப் பழக இரண்டு வேலைகள் உதவும். பட்டைமீது வெள்ளைத்தாளை வைத்து மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கையாகத் தேய்த்தால் அதன் வரிகள் தாளில் பதியும். கருமருதின் கட்டம் கட்டமான வெடிப்பு மிக நன்றாக விழும். மற்றொன்று, வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்து வாரம் ஒருமுறை இலை, மொட்டு, பூ, காய் எந்த நிலையில் உள்ளன என்று குறித்துவைப்பது. இத்தகைய பதிவுகளை நாடு முழுவதும் பொதுமக்களிடமிருந்து ‘சீசன்வாட்ச்’ திட்டம் திரட்டுகிறது. பருவநிலை மாற்றத்தால் மரங்களின் நாள்காட்டி நகர்கிறதா என்பதை அறிய அவை பயன்படுகின்றன.

இதற்கெல்லாம் காட்டுக்குள் போகத் தேவையில்லை, போகவும் கூடாது. மொட்டை மரக்காலமே சருகு குவியும் காலம், தீப்பிடிக்கும் காலம். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மேகமலை உள்ளிட்ட காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதித்த பாதையைத் தாண்டுவதும், காய் விதை பொறுக்குவதும் தவறு. கண்மாய்க்கரை, கோயில் தோப்பு, சாலையோரம், வைகை அணைப் பூங்கா ஆகியவை போதும்.

அடையாளம் சரிதானா என்று அறிய, பார்த்த மரத்தின் இடத்தைக் குறித்துக்கொண்டு கோடைமழைக்குப் பின் திரும்பிச் செல்ல வேண்டும். இலவத்திலும் முள்ளிலவிலும் விரல்களாகப் பிரிந்த கூட்டிலை, கொன்றையிலும் வாகையிலும் சிறகுக் கூட்டிலை, தேக்கில் எதிரெதிராக முளைக்கும் அகன்ற தனியிலை தெரியும்.