ஆள் கூட்டும் தரவுத்தளம்

இலங்கையின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பெருகும் காலத்தில் ஒருவரையே வேகமாகப் பறிக்கச் சொல்லிப் பயனில்லை. ஆள் கூட்டினால், கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். பல கணினிகளில் பரவிய தரவுத்தளமும் அப்படித்தான் வளர்கிறது.

ஃபேஸ்புக் 2008இல் வெளியிட்ட கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தில் தரவு பல கணுக்களுக்கு, அதாவது கணினிகளுக்கு, பங்கிடப்படும். ஒவ்வொரு தரவுக்கும் பொதுவாக மூன்று பிரதிகள் இருக்கும். பல கணினிகளில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், கணுக்களைக் கூட்டுவதையும் குறைப்பதையும் கவனிப்பது 'ஆப்பரேட்டர்' என்ற மென்பொருள். இது 2016இல் கோர்ஓஎஸ் நிறுவனம் முன்வைத்த யோசனை. கணுக்களின் எண்ணிக்கையை 3 என்பதிலிருந்து 6 என்று மாற்றி எழுதினால் போதும். ஆப்பரேட்டர் புதிய கணுக்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கும். புதியது தன் பங்கைப் பழையவற்றிலிருந்து நகலெடுத்து முடித்த பிறகே அடுத்தது. கைமாறிய பிறகும் பழைய கணுக்களில் மிஞ்சிய தரவைக் கடைசியில் துடைக்க வேண்டும்.

கணுக்களைக் குறைப்பதுதான் ஆபத்தானது. விலகும் கணு முதலில் தன் தரவை மற்றவற்றிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று பிரதி வைத்திருந்தால் மூன்று கணுவுக்குக் கீழே இறங்காதீர்கள்.