வலிக்காத புண்

கர்நாடக எல்லையையொட்டிய ஜூஜுவாடியில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் பல. நாள் முழுதும் காலணிக்குள் அடைபட்ட பாதத்தில் கொப்புளம் தோன்றினால் யார் கவனிக்கிறார்கள்? நீரிழிவால் கால் உணர்ச்சி குன்றியவருக்கோ அது வலிப்பதும் இல்லை. ஆபத்தே அதுதான்.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதங்களை, அவர்கள் அறியாமலே படும் காயமும் அழுத்தமுமே புண்ணாக்குகின்றன என எடுத்துக்காட்டினார். நீரிழிவுப் புண்ணுக்கும் இது பொருந்தும்.

புண்ணில் கறுப்பாகவோ மஞ்சளாகவோ படிந்திருப்பது பெரும்பாலும் செத்த திசு. அது கிருமிகளின் புகலிடம். அங்கே இரத்த ஓட்டம் இல்லாததால் உட்கொள்ளும் மருந்தும் சென்று சேராது. மருத்துவர் அதை வெட்டி அகற்றினால் புதுச்சதை வளர வழி பிறக்கும். காலில் இரத்த ஓட்டம் குறைந்தவருக்கு, காய்ந்து இறுகிய கருந்தோலைத் தொடாமல் விடுவதும் உண்டு. ஆகவே வீட்டில் பிளேடை எடுக்காதீர்கள்; சுண்ணாம்பு, மஞ்சள் பூசாதீர்கள்.

ஒளுவில் பாதங்களைக் கழுவுகிறோமே, அப்போது நாளுக்கு ஒரு முறையேனும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். குனிய இயலாத பெரியவர்களின் பாதங்களைப் பிள்ளைகள் பார்க்கட்டும். புண்ணோ நிறமாற்றமோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.