கேள்வி நேரம்

கேள்வி நேரம் (வினா நேரம்) என்பது இந்திய நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் வினாக்கள் எழுப்பி விடை பெறுவதற்கென ஒதுக்கப்பட்ட நேரம் ஆகும். மக்களவையில் இது காலை 11 மணிக்குத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமாகும். மாநிலங்களவையில் 2014 முதல் நண்பகல் 12 மணிக்கு நடைபெறுகிறது.

வரலாறு

பிரித்தானிய ஆட்சியில் 1892 ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் உறுப்பினர்களுக்கு வினா எழுப்பும் உரிமையை முதன்முதலாக வழங்கியது. எனினும் விடையின் மீது மறுவினா எழுப்ப இயலவில்லை. 1909 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரே, முதல் வினாவை எழுப்பியவர் துணைவினா கேட்க அனுமதிக்கப்பட்டார்.

வினா வகைகள்

* நட்சத்திரக் குறியிட்ட வினா: அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடையளிப்பார். துணைவினாக்கள் எழுப்பலாம். மக்களவையில் நாளொன்றுக்கு 20 வினாக்கள் பட்டியலிடப்படும்.
* நட்சத்திரக் குறியிடாத வினா: எழுத்து வடிவில் விடை தரப்படும். துணைவினாவுக்கு இடமில்லை. மக்களவையில் நாளொன்றுக்கு 230 வரை இடம்பெறும்.
* குறுகிய கால அறிவிப்பு வினா: அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்தது. அமைச்சர் இசைந்தால் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும்.
* தனி உறுப்பினரிடம் கேட்கப்படும் வினா: அவர் பொறுப்பிலுள்ள சட்டமுன்வடிவு போன்றவை தொடர்பானது.

எழுத்து விடை முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்படுவது. துணைவினா அவ்வாறன்று, அமைச்சர் தம் துறையை அறிந்திருக்கிறாரா என்பதை அதுவே வெளிப்படுத்தும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

1957 இல், அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம் அரிதாசு முந்த்ரா என்பவரின் நிறுவனங்களில் செய்த முதலீடு பற்றி மக்களவையில் வினா எழுப்பப்பட்டது. பெரோசு காந்தி இதனைத் தொடர்ந்து வலியுறுத்தினார். நீதிபதி எம். சி. சாக்ளா விசாரணை நடத்தினார். இதன் விளைவாக நிதியமைச்சர் தி. த. கிருட்டிணமாச்சாரி 1958 பெப்ரவரியில் பதவி விலகினார்.

அமைச்சரின் பொறுப்புடைமைக்கு மற்றொரு சான்று அரியலூர் தொடருந்து விபத்து ஆகும். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தருகே நிகழ்ந்த இவ்விபத்தில் 140 பேருக்கு மேல் உயிரிழந்தனர். தொடருந்து அமைச்சர் லால் பகதூர் சாத்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இது வினாவினால் நேர்ந்ததன்று. எனினும், அமைச்சர் அவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் அதே கோட்பாட்டின் வழிப்பட்டது.

2005 திசம்பரில், வினா எழுப்பப் பணம் பெற்ற குற்றச்சாட்டில் 11 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டனர்.

இடைநிறுத்தம்

1962 சீனப் போர், 1975 நெருக்கடி நிலை ஆகிய காலங்களில் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டி நீக்கப்பட்டபோது எழுத்து விடைகள் மட்டும் தரப்பட்டன. துணைவினா வாய்ப்பு இல்லாமற்போனதை எதிர்க்கட்சிகள் கண்டித்தன.

ஒப்பீடு

ஐக்கிய இராச்சியத்தில் 1961 முதல் பிரதமருக்கெனத் தனி வினா நேரம் உள்ளது. தற்போது அவை கூடும் வாரங்களில் புதன்கிழமைகளில் நடைபெறுகிறது. இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு இல்லை. பிரதமர் பொறுப்பிலுள்ள துறைகள் பற்றிய வினாக்களுக்குப் பெரும்பாலும் இணை அமைச்சரே விடையளிக்கிறார். தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 சனவரியில் முதன்முறையாக நேரலையாக ஒளிபரப்பப்பட்டது.