பூகம்ப அளவெண்ணும் மடக்கைக் கணக்கும்

பெரிய நிக்கோபார் தீவின் கீழ்க்கரையில் அமைந்துள்ள ஊர் கேம்பல் பே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில், சுமத்ராவின் வடமேற்கே கடலடியில் தோன்றிய பூகம்பமும், அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் இவ்வூரைப் பெரிதும் சேதப்படுத்தின. தீவின் தென்கோடியாகிய இந்திரா முனை சுமார் 4.25 மீட்டர் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கின் அடிப்பகுதியைக் கடல்நீர் சூழ்ந்தது. அப்பூகம்பத்தின் அளவெண் 9.1 எனக் கணிக்கப்பட்டது.

இத்தீவுகளில் சிறிய அதிர்ச்சிகள் அடிக்கடி நேர்வதுண்டு. பூமியினுள் திரண்ட சக்தி இவற்றின் வாயிலாகச் சிறிது சிறிதாக வெளியேறிவிடும்; ஆகவே பேரதிர்ச்சி நேராது என நம்புவோர் உளர். இந்நம்பிக்கையைக் கணக்கினால் சோதிக்கலாம்.

அளவெண் ஒன்று கூடுமாயின், வெளிப்படும் சக்தி சுமார் 31.6 மடங்காகிறது. ஓர் அதிர்ச்சி மற்றொன்றைவிட 500 மடங்கு சக்தி வாய்ந்ததெனக் கொள்வோம். அவற்றின் அளவெண்களிடையே உள்ள வேறுபாடு யாது? 31.6ஐ அடிமானமாகக் கொண்டு 500இன் மடக்கையைக் காண வேண்டும். சாதாரணக் கணிப்பான்களிலோ, 10ஐ அடிமானமாகக் கொண்ட ‘லாக்’ பொத்தானும், 2.718ஐ அடிமானமாகக் கொண்ட ‘எல்.என்.’ பொத்தானுமே பெரும்பாலும் உள்ளன.

இதற்கு வழி எளிது. எண்ணின் மடக்கையை அடிமானத்தின் மடக்கையால் வகுத்தல் வேண்டும். 31.6ஐ எத்தனையாவது அடுக்கிற்கு உயர்த்தினால் 500 கிடைக்குமோ, அவ்வடுக்கால் 31.6இன் மடக்கையைப் பெருக்க 500இன் மடக்கை வரும் என்பதே இதன் காரணம். 2.699ஐ 1.500ஆல் வகுக்க 1.80 கிடைக்கிறது. ‘எல்.என்.’ பொத்தானை உபயோகித்தால், 6.215ஐ 3.453ஆல் வகுக்க அதே விடை வரும்.

மாணவர் இருவகையில் தவறக்கூடும். 500ஐ 31.6ஆல் முதலில் வகுத்துப் பின்னர் மடக்கை கண்டால் 1.2 எனும் பிழையான விடை வரும். ஒன்றுக்கு ‘எல்.என்.’, மற்றொன்றுக்கு ‘லாக்’ எனப் பொத்தான்களைக் கலந்தால் 4.14 வரும். 31.6ஐ 1.8ஆம் அடுக்கிற்கு உயர்த்தி, ஏறத்தாழ 500 வருகிறதா எனச் சரிபார்த்தல் நலம்.

இனி அந்நம்பிக்கையை நோக்குவோம். 9.1க்கும் 6க்கும் வேறுபாடு 3.1. 31.6இன் 3.1ஆம் அடுக்கு ஏறத்தாழ 45,000. அதாவது, 2004இல் வெளிப்பட்ட சக்திக்கு ஈடாக, அளவெண் 6 உடைய அதிர்ச்சிகள் 45,000 நிகழ வேண்டும்! எனவே சிறு அதிர்ச்சிகளை நம்பி அஜாக்கிரதையாக இருத்தல் தகாது. ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் 2007 முதல் இயங்கி வருகிறது. ஆயினும், கரையோரத்தில் பலத்த அல்லது நெடுநேர அதிர்ச்சியை உணர்ந்தவுடன், எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுநிலத்தை அடைவதே அறிவுடைமை என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.