அலையைத் திருகும் காந்தம் எங்கே இருக்கிறது?

சில மில்லி விநாடிகளே நீடிக்கும் ரேடியோ வெடிப்புகளை மீண்டும் மீண்டும் அனுப்பும் மூலம், எஃப்.ஆர்.பி. 121102. அரசிபோ தொலைநோக்கி 4 முதல் 5 கிகாஹெர்ட்ஸ் வரை அளந்தபோது அந்த அலைகளில் நேர்கோட்டுத் தளவிளைவு, அதாவது அலை ஒரே தளத்தில் அதிரும் தன்மை, ஏறக்குறைய 100 சதவீதம் இருந்தது. காந்தப்புலமுள்ள பிளாஸ்மாவைக் கடக்கும்போது அலையின் அதிர்வுத் தளம் திரும்பும். அலைநீளம் இரட்டித்தால் திருப்பம் நான்கு மடங்காகும். இதுவே ஃபாரடே சுழற்சி. இங்கே அதன் அளவு சதுர மீட்டருக்குச் சுமார் 1,00,000 ரேடியன். அதாவது 4.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் தளம் சுமார் 70 முழுச் சுற்று சுற்றிவிட்டு நம்மிடம் வந்திருக்கிறது. பிரமிக்க வைக்கும் அளவு இது.

சுமார் 300 கோடி ஒளியாண்டுப் பயணத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்த திருப்பமாக இருக்கலாமே என்று கேட்கலாம். அவ்வளவு பரந்த வெளி சில மாதங்களில் மாறிவிடாது. ஆனால் இந்த அளவு ஏழே மாதத்தில் சுமார் 10 சதவீதம் குறைந்தது. ஆகவே காந்தம் மூலத்தின் அருகிலேயே இருக்கிறது. 1.4 கிகாஹெர்ட்ஸில் தளவிளைவு தென்படாததும் இதற்கு முரணல்ல: கொந்தளிக்கும் பிளாஸ்மாவில் வெவ்வேறு பாதைகளில் வரும் நீண்ட அலைகள் வெவ்வேறு அளவு திரும்பி, ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இதேபோல் மீண்டும் மீண்டும் வெடிக்கும் இன்னொரு மூலமான எஃப்.ஆர்.பி. 20190520பி-யில் சுழற்சியின் திசையே தலைகீழானது. துணை விண்மீனின் காற்று குறுக்கிடுகிறது என்ற விளக்கம் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது.